இருபது எம்.எம். லென்ஸும் மல்லிகாவின் வாசலும்

போன மாதம் பிரியா போன் செய்தார். பெரம்பலூரில் நான் முப்பது வருடம் வேலை பார்த்த சர்வே அலுவலகத்தில் இப்போது புகைப்பட வேலையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். நல்ல உழைப்பாளி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"சார், புதுசா வந்திருக்கிறவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும், ஒரு கட்டுரை எழுதுங்க. உங்க படத்துக்குன்னு ஒரு தனி லுக் இருக்கு சார். நாங்களும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறோம், வர மாட்டேங்குது. எந்த கேமராவுக்கு எந்த லென்ஸ் ஜோடின்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

புகழ்ந்தால் யாருக்குக் கசக்கும்? ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை. பிரியா சொன்ன அந்தத் தனி லுக் ஒரு எண்பத்தைந்து எம்.எம். லென்ஸால் வந்தது. அந்த லென்ஸ் என் கைக்கு எப்படி வந்தது என்று எழுதாமல் மேலே போக முடியவில்லை. அதை நான் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொல்வதற்கு அவ்வளவு வெட்கம்.

முதலில் பிரியா கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

தொழில் பழகியது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில். மூன்று வருடம் பாஸ்போர்ட் போட்டோ, அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து. அங்கிருந்து சர்வே அலுவலகம். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. அப்போது என்னிடம் இருந்தது ஒரு ஃபிலிம் கேமரா, ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ். நாம் ஒரு இடத்தில் நின்று சும்மா பார்த்தால் எப்படித் தெரியுமோ, ஏறத்தாழ அப்படியே அந்த ஜோடியில் படம் விழும். அதனால் அதற்கு மரியாதை கிடையாது. "என்னண்ணே, பாத்த மாதிரியேதான இருக்கு" என்று கல்யாண வீட்டுக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

பிறகு டிஜிட்டல் வந்தது. முதலில் வந்த கேமராக்களுக்கு உள்ளே இருக்கும் சென்சார் சின்னது. அதில் என் ஐம்பதை மாட்டியதும் நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, ஆள் மூக்குக்கு முன்னால் வந்து நிற்பது போல இருந்தது. லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "லென்ஸு அதேதான் தம்பி, கேமராதான் வேற" என்றார். ஒரு லென்ஸுக்குத் தனியாகக் குணம் கிடையாது, எந்தக் கேமராவோடு சேர்கிறதோ அதை வைத்துத்தான் குணம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதே கடையில் வாங்கிய பழைய முப்பத்தைந்து ஒன்று இருந்தது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்க டீ சிந்திய நிறம் வரும். புதுக் கேமராவில் போட்டால் அந்த நிறம் பாதியாகிவிடும். எண்பத்தைந்தைப் பெரிய சென்சார் கேமராவில் மாட்டி, லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தால் கண் கூர்மையாக இருக்கும், காது அதற்குள் கரையத் தொடங்கியிருக்கும். பின்னால் குப்பைமேடு இருந்தாலும் பச்சைப் பட்டு விரித்தது போல ஆகிவிடும். பிரியா சொல்லும் லுக் அதுதான்.

இனி தூரம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே இருக்கும் பெரிய நந்தியையும் விமானத்தையும் ஒரே படத்தில் எடுக்கப் பாருங்கள். முடிந்த வரை பின்னால் போய் ஒரு முந்நூறு எம்.எம். டெலி லென்ஸை மாட்டினால், விமானம் நந்தியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவே இருக்கும் புல்வெளி காணாமல் போகும். அதே நந்திக்குப் பக்கத்தில் போய் நின்று இருபது எம்.எம். போட்டால் நந்தி மலை போல நிற்கும், அவ்வளவு பெரிய விமானம் தூரத்தில் ஒரு பொம்மையாகிவிடும், புல்வெளி மைதானமாகிவிடும். உண்மையில் லென்ஸ் தூரத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. நாம் எங்கே நிற்கிறோமோ அதுதான் கூட்டுகிறது, குறைக்கிறது. லென்ஸ் நம்மை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான். இந்த உதாரணத்தின் இரண்டு பாதியும் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலை, சாலை அகலப்படுத்துவது, ஏரி தூர்வாருவது, சுரங்கத்தைப் பெரிதாக்குவது என்று யார் எதற்கு அனுமதி கேட்டாலும் அந்த இடத்தை அளந்து அறிக்கை தயாரித்துக் கொடுப்பது. அறிக்கையில் படம் இருக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. தரையில் முளைக்குச்சி அடித்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, அதன் மேல் நின்று நாலு திசையும் எடுக்க வேண்டும். அளவு தெரிவதற்காக, சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பார். எடுத்தவற்றில் அறிக்கைக்கு வேண்டியதை அங்கேயே தேர்ந்தெடுத்துவிட்டு, வேண்டாததை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். பிறகு படப் பதிவேட்டில் எழுத வேண்டும். தேதி, குச்சி எண், திசை, எடுத்தவர் கையெழுத்து. இதில் லென்ஸுக்குக் கட்டம் கிடையாது. ஒருமுறை நானே போய், லென்ஸ் என்று ஒரு கட்டம் சேர்க்கலாமா சார் என்று வரதராஜன் சாரிடம் கேட்டேன்.

வரதராஜன் சார் எங்கள் அறிக்கைப் பிரிவுத் தலைவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் அழைப்பார். வெயிலில் நின்றால் கைக்குட்டையை நாலாக மடித்து உச்சந்தலையில் வைத்துக்கொள்வார். அது கீழே விழாமல் இருப்பதற்காகத் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் பேசுவார். பொய் சொல்லுங்கள் என்று ஒருநாளும் யாரிடமும் அவர் சொன்னதில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். நான் கட்டம் கேட்டதற்கு, "அது எதுக்குங்க தங்கராசு, படிக்கிறவங்களுக்குக் குழப்பம்" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. சுரங்கத்தை இன்னும் விரிவாக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அறிக்கை வேலை எங்களுக்கு வந்தது. அந்த ஊரின் கடைசியில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மல்லிகா என்ற அம்மாவின் வீடு. கணவர் இறந்துவிட்டார். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்திருக்கும். மாமனார் காலம் வரை பண்ணையில் கூலிக்கு இருந்த குடும்பம், முதன்முதலாகச் சொந்தமாகக் கட்டிய வீடு அது. ஓட்டு வீடுதான். சுரங்கம் தன் வீட்டை நெருங்கிவிட்டது, வெடி வைக்கும்போது சுவர் விரிகிறது, தனக்கு வேறு இடத்தில் மனையும் வீடும் கொடுத்துவிட்டுத் தோண்டட்டும் என்று மல்லிகா மனு கொடுத்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், பழைய வரைபடத்தில் அந்த வீடு இல்லை. அறிக்கையில் தூரத்தை ஊருக்கு நடுவே இருக்கும் கோயிலிலிருந்துதான் அளந்திருந்தார்கள். அந்தக் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே மல்லிகாவின் வீட்டுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு அறிக்கையில் ஒரே சாட்சி, நான் எடுக்கப்போகும் படம்தான்.

காலை பத்து மணிக்குப் போனோம். மல்லிகா எங்களை வரவேற்றதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தன் பக்கத்து நியாயத்தைப் படம் பிடிக்க ஆள் வந்துவிட்டார்கள் என்று அவர் நம்பினார்.

"வாங்க சார், வாங்க. தண்ணி குடிங்க மொதல்ல. பாருங்க, எங்க வூட்டு வாசப்படியிலேர்ந்து குழி வரைக்கும் எண்பத்திரெண்டு எட்டு. போன மாசம் தொண்ணூறு இருந்துச்சு. நான் தெனம் வெளக்கேத்தறதுக்கு முந்தி நடந்து பாத்துருவேன்."

நான் முளைக்குச்சி அடித்து, பெரிய சென்சார் கேமராவில் ஐம்பதை மாட்டி, கண்மட்டத்தில் பிடித்து ஒரு படம் எடுத்தேன். அளவுக்கம்புக்காரர் குழியின் விளிம்பில் நின்றார். படம் சரியாக விழுந்தது. நாலு கோழி மேய்ந்தால் நிறைந்துவிடும் சின்ன வாசல், அதைத் தாண்டிக் கொஞ்சம் கட்டாந்தரை, அதற்கப்புறம் குழி. குழிக்குள்ளிருந்து மண் அள்ளும் இயந்திரத்தின் மஞ்சள் கை எட்டிப் பார்த்தது. நான் நின்று பார்த்தது எதுவோ அதுதான் படத்தில் இருந்தது.

வரதராஜன் சார் கேமராவின் திரையைப் பார்த்தார். "ம்" என்றார். கைக்குட்டை அசையவில்லை. "இருபது இருக்குங்களா? அதைப் போடுங்க. நெலம் நல்லா வெளங்கட்டும்" என்றார்.

இருபதை மாட்டினேன். வீட்டுக்கு ஒட்டினாற்போல, வாசற்படி படத்தின் இடது ஓரத்தில் விழும்படி நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஒசரத்துலேர்ந்து எடுத்தா இன்னும் நல்லாருக்குமுங்களே" என்றார். மேலே ஏறி எடுத்தால் தரை இன்னும் விரிந்து தெரியும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மல்லிகாவுக்குத் தெரியாது. உயரம் வேண்டும் என்று காதில் விழுந்ததும் உள்ளே ஓடிப்போய் ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்தார். நீல பெயின்ட் அடித்தது, ஒரு கால் ஆடும். "ஏறுங்க சார், நான் புடிச்சுக்கறேன், பயப்படாதீங்க" என்று அந்தக் கறுத்த விரல்களால் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அந்த மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் வாசலை மைதானமாக்கி ஐந்து படம் எடுத்தேன். படிக்கு முன்னால் தரை பரந்து கிடந்தது. அளவுக்கம்புக்காரர் தீக்குச்சி அளவுக்கு ஆகிவிட்டார். குழி தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மஞ்சள் இயந்திரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"நல்லா வந்திருக்கா சார்?" என்று கீழிருந்து கேட்டார்.

"நல்லா வந்திருக்குங்கம்மா" என்றேன்.

அன்று மாலை ஜீப்பில் திரும்பும்போது, வேண்டாத படங்களை அழிக்கும் வேலையைச் செய்தேன். ஐம்பதில் எடுத்த அந்த ஒற்றைப் படம் வந்தது. அழித்துவிடவா என்று கேமரா கேட்டது. அது எல்லாப் படத்துக்கும் கேட்கும். ஆமாம் என்று அமுக்கினேன். முன்னால் உட்கார்ந்திருந்த வரதராஜன் சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் என் கையைப் பிடித்து அமுக்க வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மனு மீது விசாரணை. அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து நடத்தினார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரங்கள் வாசலில் அப்படியே நின்றன. விசாரிக்க வந்த அதிகாரி நிதானமானவர். இரண்டு பக்கத்துப் படத்தையும் திரையில் போடச் சொன்னார்.

முதலில் மல்லிகாவின் படம். அவருடைய அக்கா மகன் அன்பு ஜெயங்கொண்டத்தில் கல்யாண போட்டோ எடுப்பவர். குழிக்கு அந்தப் பக்கம், தூரத்தில் இருந்த மண்மேட்டில் ஏறி டெலி லென்ஸில் எடுத்திருந்தார். திரையில் அந்தப் படம் வந்ததும் மண்டபமே 'அய்யோ' என்றது. இயந்திரத்தின் கை வீட்டு ஓட்டின் மேல் வைத்த மாதிரி இருந்தது. அடுத்து என் படம் வந்தது. மண்டபம் அமைதியானது. அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரே எடத்தைத்தானே எடுத்திருக்கீங்க, ஏன் இப்படி இருக்கு? போட்டோகிராபர் யாரு, வந்து சொல்லுங்க" என்றார்.

எழுந்து போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் என் தொழிலைப் பற்றிப் பேச எனக்கு வாய்த்த ஒரே நாள் அது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு சந்தோஷமாகவே இருந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்து நந்தியைச் சொன்னேன். தூரத்திலிருந்து டெலி போட்டால் விமானம் நந்தியின் முதுகில் ஏறிவிடும் என்றேன். மண்டபத்தில் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். "அந்த மாதிரிதான் சார் இந்தப் படமும். தூரத்துல நின்னு டெலியில எடுத்ததால கிட்ட இருக்கிற மாதிரி தெரியுது. நிஜத்துல அப்படி இல்லை" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அன்புவின் படம் உண்மையிலேயே தூரத்தைச் சுருக்கிய படம்தான். உதாரணத்தின் முதல் பாதியைச் சொன்னேன். நந்திக்குப் பக்கத்தில் போய் நின்று இருபது போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. அதிகாரிக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

மல்லிகா எழுந்தார். மைக் இல்லாமலே அவர் குரல் கேட்டது.

"சார், எனக்கு லென்ஸெல்லாம் தெரியாது. எங்க படம் தப்புன்னா தப்பாவே இருக்கட்டும். நீங்க எங்க வூட்டு வாசல்ல ஸ்டூல் மேல ஏறி நின்னு பாத்தீங்க. நான்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன். கேமராவ வுட்டுருங்க. உங்க கண்ணுக்குக் குழி கிட்டத் தெரிஞ்சுச்சா, தூரமாத் தெரிஞ்சுச்சா? அத மட்டும் சொல்லுங்க."

அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார். கிட்டத் தெரிந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முன்வரிசையில் வரதராஜன் சார் தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடும் என்று பயந்தேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயம் கொஞ்சம் இருந்தது. அதைவிட, சற்று முன்னால் அத்தனை பேர் தலையாட்டிய பேச்சை நானே உடைக்க எனக்கு மனம் வரவில்லை. கெட்டிக்காரன் என்ற பெயர் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

"கண்ணு சொல்றதெல்லாம் கணக்குல வராதுங்கம்மா. படம்தான் கணக்கு" என்றேன்.

யாரோ பின்னால் சிரித்தார். மல்லிகா உட்கார்ந்துவிட்டார். அதிகாரி ஏதோ எழுதினார். மனு தள்ளுபடியானது.

திரும்பும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வரதராஜன் சார் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். "நல்லா வெளங்கச் சொன்னீங்க" என்றார். அடுத்த மாதம், நான் நாலு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் அலுவலகத்துக்கு வந்தது. என் மேஜையில் பெட்டியோடு வைத்திருந்தார்கள். ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி திரிந்தேன். அலுவலகத்தில் எல்லாரையும் நிற்க வைத்து முகம் முகமாக எடுத்தேன். அந்தப் படங்கள்தான் இன்னும் அங்கே சுவரில் மாட்டியிருக்கின்றன, பிரியா. நீங்கள் கேட்ட லுக்.

அந்த வருட ஐப்பசி மழையில் மல்லிகா வீட்டின் பின்சுவர் சரிந்தது. கட்டியிருந்த ஆடு ஒன்று செத்தது. அவர் முந்திரி உடைக்கப் போயிருந்தார், அதனால் தப்பினார். இடத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார் என்று அளவுக்கம்புக்காரர் சொன்னார். நான் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் எட்டு வருடம் வேலை பார்த்தேன், சம்பள உயர்வு வாங்கினேன், பிரிவு உபசார விழாவில் மாலை போட்டுக்கொண்டேன்.

பிரியாவுக்கு எழுத உட்கார்ந்து எழுத முடியாமல் போன மறுநாள், பழைய ஐம்பதைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அழித்துவிட்ட அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று ஒரு கிறுக்கு யோசனை. வீடு இருக்காது என்று தெரியும். நின்ற இடத்திலிருந்து குழியையாவது எடுக்கலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் நின்ற இடமே இல்லை. சுரங்கத்தின் விளிம்பு அந்த வாசலைத் தாண்டி ஊர்ப் பக்கம் வந்துவிட்டது. வீடு இருந்த இடத்துக்குக் கீழே, ஆழத்தில், பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. எந்த லென்ஸைப் போட்டும் அந்தப் படத்தை இனி எடுக்க முடியாது. கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

ஜெயங்கொண்டத்தில் அன்புவின் ஸ்டூடியோவைக் கண்டுபிடித்துக் கேட்டேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் விலாசம் கொடுத்தார். மல்லிகா குரும்பலூரில் இருந்தார். மகன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். வாடகை வீடு, ஓர் அறையும் சமையற்கட்டும். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். விரல்களில் கறுப்பு போய்விட்டிருந்தது. முடி நரைத்திருந்தது.

"போட்டோ சாரா?" என்றார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார்.

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டார். நீலம் பாதி உரிந்துபோன அதே ஸ்டூல். என்னால் அதில் உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பதில் எடுத்ததை, அழித்ததை, ஏன் உயரம் கேட்டோம் என்பதை, நந்திக் கதையின் மறுபாதியை. சொல்லிவிட்டு, என்னிடம் இருந்த அறிக்கைப் பிரதியிலிருந்து பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்த படத்தைக் கொடுத்தேன். இருபதில் எடுத்தது. அந்த வீட்டுக்கு வேறு நல்ல படம் எதுவும் கிடையாது என்று அன்பு சொல்லியிருந்தார். டெலியில் எடுத்ததில் ஓடு மட்டும்தான் தெரியும். வாசற்படி, நிலைக்கதவு, மல்லிகா அன்று காலையில் போட்ட கோலம் எல்லாம் என் படத்தில்தான் இருந்தன.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோலத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். கல்யாணமாகி மூன்று வருடம் ஆன மருமகள் சமையற்கட்டிலிருந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அந்த வீட்டைப் பார்த்திராத பெண்.

"ஏன் அத்தே, நம்ம பழைய வூட்டு வாசல் இவ்ளோ பெருசா? கிரிக்கெட்டே வெளையாடலாம் போலருக்கே! குழி எங்கயோ கெடக்கு. இதையா வுட்டுட்டு வந்தீங்க?"

மல்லிகா என்னைப் பார்த்தார். "சொல்லுங்க சார்" என்றார்.

"இல்லம்மா" என்றேன். "ரொம்பச் சின்ன வாசல். குழி கிட்டத்துலதான் இருந்துச்சு. எண்பத்திரெண்டு எட்டு. நான் என் கண்ணால பாத்தேன்."

எழுதிக்கொள்ள அங்கே அதிகாரி யாரும் இல்லை. மருமகள் "அப்படியா" என்று கேட்டுவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டார். மல்லிகா படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்க சார்" என்றார்.